புதிய பள்ளியாண்டும் நம் இல்லத்தின் ஒழுங்கும்

(கோல சிலாங்கூர், புக்கிட் பெலிம்பிங் தோட்டத்துப் பெற்றோர்களிடையே நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மாலை நேரத்தில் நீங்கள் இங்கு வந்து அமர்ந்திருப்பதன் அருமையை நான் அறிவேன். விடியுமுன் எழுந்து, பெரட்டுக்கு நின்று, நிரை நிரையாக மரம் வெட்டி, மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, பால் கொட்டகையில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் உடல் மாலையில் ஓய்வைத்தான் நாடும். பால்மரம் நின்ற பல இடங்களில் இன்று செம்பனை நிற்கின்றது. குலை வெட்டிச் சுமக்கும் தோழர்களின் அலுப்பும் அதற்குக் குறைந்ததன்று. அந்த அலுப்பையும் பொறுத்துக்கொண்டு, பிள்ளைகளின் படிப்பைப் பற்றிய பேச்சு என்றவுடன் வந்திருக்கின்றீர்கள். ஆகவே, உங்கள் நேரத்தை வீணாக்காமல், வீட்டிற்குச் சென்றவுடன் செய்யத்தக்க செய்திகளை மட்டுமே சொல்ல விரும்புகின்றேன்.

நானும் இம்மாவட்டத்தின் வட பகுதியில் ஒரு பால்மரத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன். பின்னர் ஆசிரியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றேன். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் வீட்டையும் அறிவேன்; அந்தப் பிள்ளையைப் பெற்றுக்கொள்ளும் வகுப்பையும் அறிவேன். இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில் நான் கண்ட உண்மை ஒன்றே. பள்ளியாண்டு பள்ளி வாயிலில் தொடங்குவதில்லை. அது நம் வீட்டில், முந்தைய நாள் இரவில் தொடங்குகின்றது.

திறந்திருக்கும் கதவு

நம் முன்னோர் இந்நாட்டுத் தோட்டங்களில் குடியேறிய காலத்தில் பிள்ளைகளின் கல்வி எவருடைய பொறுப்பாகவும் இருக்கவில்லை. பத்துப் பிள்ளைகளோ அதற்கு மேலோ உள்ள தோட்டத்தில் பள்ளி இருத்தல் வேண்டும் என்பதை 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வலியுறுத்தியது. அதன்பின் தோட்டத்திற்கு ஒரு கொட்டகை எழுந்தது. பல இடங்களில் கிராணியோ கங்காணியோ ஓய்ந்த நேரத்தில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். அந்தக் கொட்டகைகளிலிருந்துதான் நம் தமிழ்ப்பள்ளிகள் வளர்ந்தன. 1957ஆம் ஆண்டில் நாடு விடுதலை பெற்றபோது 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டதாலும், மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்ததாலும், இன்று ஏறத்தாழ 530 பள்ளிகளே எஞ்சியுள்ளன. ஆகவே, எஞ்சியுள்ள பள்ளிக்குத் தொலைவிலிருந்தும் வேனில் பிள்ளைகள் வந்து சேர்கின்றனர்.

சட்டமும் மாறியுள்ளது. 2003ஆம் ஆண்டு ஜனவரி முதல் தொடக்கக் கல்வி இந்நாட்டில் கட்டாயம். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்தத்தை 2025ஆம் ஆண்டில் மக்களவை நிறைவேற்றியது. கதவு திறந்தே இருக்கின்றது. ஆயினும், அந்தக் கதவின் வழியே நம் பிள்ளை எந்நிலையில் நுழைகின்றது என்பதைச் சட்டம் பார்த்துக்கொள்ளாது. உறக்கம் கலையாத கண்ணோடும், வெறும் வயிற்றோடும், ஒரு புத்தகம் குறைந்த பையோடும் நுழைந்தால் அப்பிள்ளை வகுப்பில் இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும். அதைச் சரிசெய்ய வேண்டிய இடம் வீடு.

மழைக்காலமும் கைச்செலவும்

முதலில் பணத்தைப் பற்றிப் பேசுவோம். அதைப் பேசாமல் மற்றவற்றைப் பேசுவது தோட்ட மக்களிடம் நேர்மையன்று.

பள்ளியாண்டு முன்பு ஜனவரியில்தான் தொடங்கிவந்தது. 2020ஆம் ஆண்டு பரவிய கோவிட் பெருந்தொற்றால் பள்ளி நாட்காட்டி இடம் பெயர்ந்தது. 2022, 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் மார்ச்சிலும், 2025இல் பிப்ரவரியிலும் பள்ளியாண்டு தொடங்கிற்று. 2026ஆம் ஆண்டில் மீண்டும் ஜனவரிக்கே திரும்பியது. இம்மாற்றம் நம் குடும்பக் கணக்கைத் தொடுவதாகும். மார்ச்சில் தொடங்கியபோது, பால்மரம் இலையுதிர்ந்து பால் குறையும் காலத்தில் பள்ளிச் செலவு வந்தது. ஜனவரியில் தொடங்கினால், அதற்கு முந்தைய மாதங்கள் மழை மாதங்கள். பட்டை நனைந்தால் மரம் வெட்ட இயலாது. மங்கில் மழைநீர் விழுந்தால் வடிந்த பாலும் வீண். அந்த மாதங்களில் சம்பளம் குறையும். அதற்குள் தீபாவளி வந்து போகும். பள்ளி திறந்த கையோடு பொங்கலும் தைப்பூசமும் வந்து நிற்கும். இந்த நெருக்கடியில்தான் பல குடும்பங்கள் கடையில் பற்றுக் கணக்கை ஏற்றுகின்றன. சிலர் வட்டிக்காரரின் வாயிற்படியை மிதிக்கின்றனர். பிள்ளையின் சட்டைக்காக வாங்கிய கடன், அந்தச் சட்டை கிழிந்த பின்னும் தீராமல் நிற்பதை நான் கண்டிருக்கின்றேன்.

இதற்கு வழி யாது? முதலாவது, எதை வாங்க வேண்டும், எதை வாங்க வேண்டியதில்லை என்று பிரித்தறிவது. பாடநூல் இரவல் திட்டம் 1975ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. முன்பு வருமானம் பார்த்தே நூல்கள் கொடுக்கப்பட்டன. 2008ஆம் ஆண்டு முதல் வருமான வேறுபாடின்றி எல்லா மாணவர்க்கும் கிடைக்கின்றன. ஆகவே, பாடநூலுக்குப் பணம் வேண்டியதில்லை. வேண்டுவது அவற்றைப் பாதுகாக்கும் ஓர் உறை மட்டுமே. அந்நூல் அடுத்த ஆண்டு வேறொரு தோழரின் பிள்ளைக்குப் போய்ச் சேரவேண்டியது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இரண்டாவது, பந்துவான் அவால் பெர்செக்கோலாஹான் என்னும் பள்ளித் தொடக்க உதவித்தொகை. 2023ஆம் ஆண்டிலிருந்து குடும்ப வருமானத்தைப் பாராமல் மாணவர் ஒருவருக்கு 150 வெள்ளி வழங்கப்பட்டுவருகின்றது. மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டிற்கு அது 450 வெள்ளி. சிறிய தொகையன்று. ஆனால், அது கைக்கு வரும் நாளைப் பள்ளியில் கேட்டறிந்துகொள்ளுங்கள். வரப்போகும் பணத்தை நம்பி இன்றே கடன் வாங்குவது அந்த உதவியின் பயனைக் கெடுத்துவிடும். வந்தவுடன் அதைப் பிள்ளையின் பெயரிலேயே செலவிடுங்கள்.

மூன்றாவது, செலவைப் பரப்பிக்கொள்வது. தீபாவளி முடிந்த மறுநாள் முதல் நாளொன்றுக்கு ஒரு வெள்ளியை ஒரு டப்பாவில் போட்டுவாருங்கள். பள்ளி திறக்க எழுபது நாள் இருக்குமானால் எழுபது வெள்ளி சேர்ந்துவிடும். மேலும், எல்லாவற்றையும் கடைசி வாரத்தில் வாங்காமல், ஒரு சம்பளத்தில் காலணியும், அடுத்த சம்பளத்தில் சட்டையும் என்று பிரித்து வாங்கலாம். தீபாவளிக்குப் பிள்ளைக்குத் துணி எடுக்கும்போதே ஒரு பள்ளிச் சட்டையையும் சேர்த்து எடுத்துவிடுவது இன்னும் நன்று.

புதியது வாங்குமுன் பழையதை எடுத்துப் பாருங்கள். அண்ணனின் காற்சட்டை தம்பிக்கு ஆகுமா, பாவாடையின் மடிப்பைப் பிரித்து இறக்கலாமா, பொத்தான் தைத்தால் போதுமா என்று பார்த்துவிட்டுப் பட்டியல் எழுதுங்கள். முன்பு வெள்ளைக் காலணிக்கு வாரந்தோறும் வெள்ளை பூச வேண்டியிருந்தது. 2021ஆம் ஆண்டு முதல் கறுப்புக் காலணியே முறையாகிவிட்டதால் அந்தத் தொல்லையும் செலவும் குறைந்தன. சுத்தமான பழைய சட்டை அணிந்து வரும் பிள்ளையை எந்த நல்லாசிரியரும் குறைவாக எண்ணுவதில்லை.

ஓர் ஆணி, ஒரு பலகை, ஒரு பெட்டி

அடுத்து, இடத்தைப் பற்றிச் சொல்கின்றேன். “எங்கள் வீட்டில் இரண்டு அறைகள்தாம், ஏழு பேர் இருக்கின்றோம், படிப்பதற்குத் தனி அறைக்கு எங்கே போவது?” என்று நீங்கள் கேட்கலாம். தனி அறை வேண்டியதில்லை. மாறாத ஓரிடம் வேண்டும்.

சுவரில் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் ஓர் ஆணி அடியுங்கள். புத்தகப் பை அந்த ஆணியில்தான் தொங்க வேண்டும். கட்டிலடியிலும் வாசற்படியிலும் கிடக்கலாகாது. இரண்டு பிள்ளைகள் இருந்தால் இரண்டு ஆணிகள். காலையில் பையைத் தேடும் வீட்டில்தான் கூச்சலும் அழுகையும் எழுகின்றன. தேட வேண்டாத வீட்டில் அந்த நேரம் பிள்ளை பசியாறுவதற்குப் பயன்படுகின்றது.

படிப்பதற்கு மேசை இருந்தால் நன்று. இல்லையேல் இரண்டு பெட்டிகளின் மேல் ஒரு பலகையைப் போட்டு, கீழே பாய் விரித்தால் போதும். வலக்கையால் எழுதும் பிள்ளைக்கு விளக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுதும் கையின் நிழலே எழுத்தின் மேல் விழும். முன்னாளில் நம் லயங்களில் தோட்டத்து இயந்திரம் ஓடும் சில மணி நேரமே விளக்கெரியும். இன்று தொழிலாளர் குடியிருப்புக்குக் குழாய்நீரும் மின்சாரமும் தரவேண்டியது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் கூறுகின்றது. கிடைத்துள்ள அந்த வெளிச்சத்தில் ஒரு மணி நேரத்தைப் பிள்ளையின் பலகைக்குக் கொடுங்கள்.

மூன்றாவது ஒரு பெட்டி. பழைய பிஸ்கட்டுத் தகரப் பெட்டியே போதும். அதில் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், மைகிட் அட்டை, தடுப்பூசிப் பதிவு, பள்ளித் தேர்ச்சி அறிக்கை ஆகியவற்றையும் அவற்றின் நகல்களையும் வைத்துப் பூட்டுங்கள். மழை ஒழுகாத, கரையான் ஏறாத இடத்தில் பெட்டி இருக்கட்டும். முதலாம் ஆண்டுக்கான பதிவைப் பள்ளி திறக்கும் நாளில் அன்று, அதற்கு முந்தைய ஆண்டிலேயே செய்ய வேண்டும் என்பதை மறவாதீர்கள். பன்னிரண்டு வயது நிறைந்த பிள்ளைக்கு மைகார்டு எடுத்தாக வேண்டும் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

பத்திரம் இல்லாத பிள்ளை எவரேனும் உங்கள் லயத்தில் இருந்தால் அதை மறைக்காதீர்கள். பத்திரம் இல்லை என்ற காரணத்திற்காகப் பிள்ளையை வீட்டில் வைத்திருப்பது ஒரு தவறின் மேல் மற்றொரு தவறாகும். பெற்றோரில் ஒருவரேனும் மலேசியக் குடிமக்களாக இருந்தால், ஆவணத்திற்கு விண்ணப்பித்துக்கொண்டே பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வழியுண்டு. தலைமையாசிரியரையும் மாவட்டக் கல்வி அலுவலகத்தையும் காலந்தாழ்த்தாமல் அணுகுங்கள்.

இரவு எட்டு மணி

இடத்திற்கு அடுத்து நேரம். நம் தொழில் விடியற்காலைத் தொழில். தாயும் தந்தையும் வேலைக்குப் புறப்படும்போது பிள்ளை உறங்கிக்கொண்டிருக்கும். நகரத்துப் பெற்றோரைப் போல, காலையில் அருகிலிருந்து உடுத்தி அனுப்பும் வாய்ப்பு நம்மில் பலருக்கு இல்லை. ஆதலால், நம் வீடுகளில் காலை வேலை முழுவதையும் இரவிலேயே முடித்துவிட வேண்டும்.

இரவு ஏழு மணிக்குச் சாப்பாடு முடியட்டும். ஏழரையிலிருந்து எட்டரை வரை பலகையின் முன் அமரட்டும். அந்த ஒரு மணி நேரம் தொலைக்காட்சி அணைந்திருக்க வேண்டும். கைப்பேசிகள் அனைத்தும், பெரியவர்களுடையவும் சேர்த்து, ஒரு தட்டில் மேலே இருக்க வேண்டும். தந்தை கைப்பேசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, “நீ போய்ப் படி” என்று சொன்னால் அச்சொல்லுக்கு மதிப்பிராது. எட்டரைக்கு மறுநாள் கால அட்டவணையைப் பார்த்துப் பிள்ளையே பையை அடுக்கட்டும். நீங்கள் அருகில் நின்று பாருங்கள். சட்டை, காலுறை, கழுத்துப்பட்டை, தண்ணீர்ப் புட்டி எல்லாம் ஓரிடத்தில் இருக்கட்டும். ஒன்பது மணிக்கு உறங்கட்டும்.

பள்ளி திறக்கும் முதல் நாளன்று இதைத் தொடங்கினால் நடவாது. விடுமுறையில் நள்ளிரவு வரை விழித்துப் பழகிய கண்கள் ஒரே நாளில் திரும்பமாட்டா. பள்ளி திறப்பதற்கு இரண்டு வாரம் முன்பே உறங்கும் நேரத்தை நாளுக்குக் கால் மணி நேரமாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். பிள்ளை தானாகவே அந்த ஒழுங்கில் வந்து நிற்கும்.

என் அக்காள்

இந்த ஒழுங்கை எனக்குக் கற்பித்தவர் யார் என்று சொல்ல வேண்டும். அவர் ஆசிரியர் அல்லர், என் அக்காள்.

அக்காள் எனக்கு மூன்று ஆண்டு மூத்தவர். தோட்டப்பள்ளியில் ஆறாம் வகுப்பை நன்றாகவே முடித்தார். அந்த ஆண்டுதான் எங்கள் கடைசித் தம்பி பிறந்தான். அம்மாள் வேலைக்குப் போகாவிட்டால் வீட்டில் அடுப்பெரியாது. பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். “இந்த ஒரு வருசம் அக்கா வீட்டில் இருக்கட்டும்” என்றார் அப்பா. அந்த ஒரு வருசம் முடியவே இல்லை. தம்பி நடக்கத் தொடங்கியபோது அக்காள் அப்பாவோடு மங்கு துடைக்கக் காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

ஆனால், நான் இடைநிலைப் பள்ளியில் புகுமுக வகுப்புக்குச் சென்றபோது என் பையை அடுக்கியவர் அவர். இயந்திரம் நின்று விளக்கு அணைந்த பின், மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு, என் கால அட்டவணையைப் பார்த்து ஒவ்வொரு புத்தகமாக எடுத்து வைப்பார். திங்கட்கிழமை எனக்கு என்ன பாடம் என்பது எனக்கு முன்பே அவருக்குத் தெரியும். ஓர் ஆண்டின் முடிவில் என் பழைய கணக்குப் புத்தகம் ஒன்றைப் புரட்டினேன். பின்பக்கத்துத் தாள்களில், ஆசிரியர் தவறென்று கோடிட்ட என் கணக்குகள் எல்லாம் மீண்டும் போடப்பட்டிருந்தன. பென்சிலால், அக்காளின் கையெழுத்தில். அனைத்தும் சரியாக இருந்தன.

நான் எதுவும் கேட்கவில்லை. அவரும் எதுவும் சொல்லவில்லை. நான் ஆசிரியனானேன். அவர் முப்பத்தைந்து ஆண்டுகள் மரம் வெட்டினார்.

என் பெற்றோரை நான் குறை கூறவில்லை. அன்றைய வறுமையில் அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. நான் சொல்ல வருவது இதுதான்: எங்கள் வீடு ஒழுங்காகவே இருந்தது, ஆனால், அந்த ஒழுங்கு முழுவதும் ஒரு பெண்பிள்ளையின் தோளில் ஏற்றப்பட்டிருந்தது. ஒருவரைப் படிக்கவைக்க மற்றொருவரை நிறுத்திவிட்டோம். இன்று நான் சொல்லும் ஆணியும் பலகையும் அட்டவணையும் உங்கள் வீட்டில் அப்படியொரு அக்காளை உருவாக்குமானால், அவை இல்லாமலிருப்பதே நன்று.

பொறுப்பைப் பங்கிடுங்கள்

ஆகவே, பள்ளி திறக்குமுன் வீட்டில் அனைவரும் ஒன்றாக அமர்ந்து வேலைகளைப் பங்கிடுங்கள். தன் காலணியைத் தானே துலக்கவும், தன் சட்டையைத் தானே மடிக்கவும் ஆண்பிள்ளை கற்றுக்கொள்ளட்டும். சாப்பிட்ட தட்டை அவரவர் கழுவட்டும். தம்பி தங்கையரைக் கவனிப்பது மூத்த பிள்ளையின் அன்பாக இருக்கலாம். அதுவே அப்பிள்ளையின் வேலையாக ஆகிவிடக் கூடாது. “இன்று தம்பிக்குக் காய்ச்சல், நீ பள்ளிக்குப் போகவேண்டாம்” என்று மகளிடம் சொல்லுமுன், அதே சொல்லை மகனிடம் சொல்வீர்களா என்று எண்ணிப் பாருங்கள்.

கைக்குழந்தை உள்ள வீட்டார் ஆயாக்கொட்டகையைப் பயன்படுத்துங்கள். அது இல்லாத இடத்தில் அண்டை வீடுகள் ஒன்றுசேரலாம். ஒரு லயத்தில் நான்கு வீடுகளுக்குப் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால், காலையில் வீட்டிலிருக்கும் பாட்டியோ, பிற்பகல் வேலைக்குச் செல்லும் ஒருவரோ முறை வைத்து எல்லாப் பிள்ளைகளையும் எழுப்பி, வேன் வரும் வரை உடனிருக்கலாம். கல்யாணத்திற்கும் சாவுக்கும் ஒன்றுகூடத் தெரிந்த நம் மக்களுக்கு இது இயலாத செயலன்று.

எழுத்தறியாப் பெற்றோரின் கடமை

“நான் படிக்கவில்லை, பிள்ளையின் பாடத்தை எப்படிப் பார்ப்பேன்?” என்று தாய்மார் பலர் என்னிடம் கேட்டதுண்டு. பாடத்தைச் சொல்லிக் கொடுப்பது ஆசிரியரின் வேலை. உங்கள் வேலை கேட்பது. நாள்தோறும் நான்கு கேள்விகள் கேளுங்கள். இன்று ஆசிரியர் என்ன சொல்லிக் கொடுத்தார்? அதை எனக்குச் சொல். எது விளங்கவில்லை? நாளைக்கு என்ன கொண்டுபோக வேண்டும்? விளங்கியதைத் தாய்க்குச் சொல்லத் தொடங்கும் பிள்ளை அதை மீண்டும் ஒருமுறை படிக்கின்றது. விளங்காதது எது என்று அறிந்த பிள்ளை மறுநாள் ஆசிரியரிடம் கேட்கத் துணிகின்றது. நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். எழுத்தைப் படிக்க முடியாவிட்டாலும், இன்றைக்கு எழுதியிருக்கின்றதா, சிவப்பு மை திருத்தம் எத்தனை என்று பார்க்க முடியும்.

முன்பு ஆறாம் ஆண்டில் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்தது. அந்த ஓராண்டு மட்டும் வீடே விழித்திருக்கும். மற்ற ஐந்து ஆண்டுகளும் உறங்கும். 2021ஆம் ஆண்டில் அத்தேர்வு அகற்றப்பட்டது. மூன்றாம் படிவத்தின் பி.தி.3 தேர்வும் 2022இல் நீக்கப்பட்டது. இப்போது ஆண்டு முழுவதும் வகுப்பிலேயே ஆசிரியர் பிள்ளையை மதிப்பிடுகின்றார். தேர்வு இல்லையே என்று சிலர் மகிழ்கின்றனர். உண்மையில், பெற்றோரை எழுப்பிய மணி நின்றுபோயிற்று. ஆகவே நாமே விழித்திருக்க வேண்டும். இல்லையேல் பிள்ளை பின்தங்கியிருப்பதை எஸ்.பி.எம். தேர்வின்போதுதான் அறிவோம், அப்போது காலம் கடந்திருக்கும். ஒரு நாள் சம்பளம் போனாலும் பெற்றோர் கூட்டத்திற்கு ஒருவரேனும் செல்லுங்கள்.

பசியும் பார்வையும்

பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது. இதை உணர்ந்தே தமிழகத்தில் காமராசர் 1956ஆம் ஆண்டு முதல் பள்ளிகளில் மதிய உணவு வழங்கச் செய்தார். 2022ஆம் ஆண்டில் அங்கே காலை உணவும் சேர்க்கப்பட்டது. நம் நாட்டிலும் வருவாய் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்காக 1979ஆம் ஆண்டு முதல் ஆர்.எம்.தி. என்னும் துணை உணவுத் திட்டம் நடந்துவருகின்றது. தகுதி இருந்தால் வெட்கப்படாமல் விண்ணப்பம் செய்யுங்கள். அது பிச்சையன்று, பிள்ளைக்கு நாடு தரும் பங்கு. வீட்டிலும், முதல் நாள் இரவே மூடி வைத்த இட்டலியோ, அவித்த முட்டையோ, ரொட்டியோ, ஏதேனும் ஒன்று காலையில் வயிற்றுக்குள் போகட்டும்.

பள்ளி திறக்குமுன் பிள்ளையின் கண்ணையும் சோதித்துவிடுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளை அதை வெளியே சொல்வதில்லை. எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்ளும். மந்தம் என்று நாம் திட்டிய பிள்ளை, கண்ணாடி போட்டவுடன் முன்வரிசைக்கு வந்ததை என் வகுப்பில் ஒருமுறைக்கு மேல் கண்டிருக்கின்றேன்.

இன்றிரவே

தாய்மார்களே, தோழர்களே! தைப்பொங்கலுக்கு நாம் வீட்டைக் கழுவுகின்றோம், ஒட்டடை அடிக்கின்றோம், பழைய பாயை எறிகின்றோம். எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை. பள்ளி ஜனவரியில் திறக்கும் ஆண்டில் அந்தப் பண்டிகை வேலையை இரண்டு வாரம் முன்னதாகத் தொடங்கிவிட்டால், ஒரே உழைப்பில் வீடு பொங்கலுக்கும் பள்ளிக்கும் ஆயத்தமாகிவிடும்.

நான் சொன்னவை அனைத்தையும் ஒரே நாளில் செய்ய வேண்டும் என்பதில்லை. இன்றிரவு ஒன்றே ஒன்று செய்யுங்கள். வீட்டிற்குப் போய்ப் பிள்ளையைக் கூப்பிட்டு, “உன் பை எந்த இடத்தில் தொங்க வேண்டும்?” என்று கேளுங்கள். அது காட்டும் இடத்தில் ஓர் ஆணி அடியுங்கள். பெண்பிள்ளை இருந்தால் அவளுக்கும் ஓர் ஆணி, அதே உயரத்தில், அதே சுவரில். நாளைக்கு மற்றொன்றைச் செய்யலாம்.

என் அக்காள் இப்போது தம் மகள் வீட்டில் இருக்கின்றார். பேத்தி இடைநிலைப் பள்ளியில் படிக்கின்றாள். இன்றும் இரவில், “நாளைக்கு என்ன பாடம்?” என்று அக்காள்தான் கேட்பார். பேத்தி சொல்லச் சொல்ல, பையைத் தொடாமல், கைகட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். அடுக்குவது அவள் வேலை என்பார்.

உங்கள் பிள்ளைகள் எல்லாரும், ஒருவர்கூட விடுபடாமல், பள்ளிக்குச் சென்று, நன்கு கற்று, நலம் பெற வேண்டும் என்று வாழ்த்தி விடைபெறுகின்றேன்.